ஃப்ரீ ஏஜென்ட் வீரர்களை மட்டும் நம்பி அணி கட்டினால் எவ்வளவு தூரம் போகலாம்?

மட்டக்குளி மைந்தன்:

வணக்கம் எல்லாருக்கும். கொழும்பு உதைபந்தாட்டக் கழகம் ஒன்று அடுத்த பருவத்துக்கு ஆள் சேர்க்கும் திட்டத்தைப் பற்றி விபரம் தெரிந்தவர்களிடம் கேட்க வேண்டும். செயற்குழுவின் யோசனை இதுதான்: 22 பேர் கொண்ட குழாமில் 11 பேரை ஃப்ரீ ஏஜென்டாக, அதாவது ஒப்பந்தம் முடிந்து எந்தக் கழகத்திலும் இல்லாதவர்களாகப் பார்த்து எடுப்பது. எல்லாருக்கும் ஒரு பருவ ஒப்பந்தம். பழைய கழகத்துக்குச் சதமும் கொடுக்கத் தேவையில்லை, பிடிக்காவிட்டால் அடுத்த வருடம் ஆளை மாற்றலாம் என்பது அவர்கள் சொல்லும் நியாயம். இத்தாலியின் இன்டர் மிலான் கழகம் இப்படித்தானே மேலே வந்தது என்று உதாரணமும் காட்டுகிறார்கள்.

எனக்குத் தெரிய வேண்டியவை: உண்மையிலேயே காசு மிஞ்சுமா? பதிவு செய்யும்போது எங்கே சிக்கல் வரும்? கொஞ்சக் காலம் கழகமே இல்லாமல் இருந்த வீரரைக் கையெழுத்துக்கு முன் எப்படிச் சோதிப்பது? ஒரு வெளிநாட்டு முன்கள வீரரையும் இதே வழியில் எடுக்கும் எண்ணம் இருக்கிறது. அனுபவமுள்ள அண்ணன்மார், நானாமார் விளக்கமாக எழுதினால் பெரிய உதவி.

பொருளாளர் பார்வை:

தம்பி, இன்டர் மிலானைக் காட்டுகிறவர்கள் பாதியைத்தான் காட்டுகிறார்கள். டி வ்ரே 2018இல் லாட்சியோவிலிருந்து வந்தார். சல்ஹனோகுலு 2021இல் ஏசி மிலானிலிருந்து, ஒனானாவும் மிகிதாரியனும் 2022இல், மார்கஸ் துராம் 2023இல். எல்லாரும் ஃப்ரீதான். 2023இல் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி, 2023/24இல் இத்தாலிய லீக்கான சீரி ஏ பட்டம், அதுவும் உண்மை. ஆனால் அவர்களோடு சேர்ந்து ஆடியவர்களைப் பாருங்கள். பஸ்டோனியை அட்டலான்டாவிடம் காசு கொடுத்து வாங்கினார்கள், பரெல்லாவைக் கலியாரியிடம், லௌட்டாரோவை ஆர்ஜென்டினாவின் ரேசிங் கழகத்திடம். டிமார்கோ அவர்களுடைய இளையோர் அணியிலேயே வளர்ந்தவர். நிலையான ஒரு அணி ஏற்கெனவே இருந்தது, அதில் இருந்த ஓட்டைகளை ஃப்ரீ வீரர்களால் அடைத்தார்கள்.

இன்னொன்றை ஆக்கள் கவனிப்பதில்லை. ஒனானாவுக்கு ஐந்து வருட ஒப்பந்தம். அதனால்தான் ஒரே பருவத்துக்குப் பிறகு மென்செஸ்டர் யுனைட்டெட்டுக்கு ஐந்து கோடி யூரோ அளவில் விற்க முடிந்தது. உங்கள் செயற்குழு சொல்கிற மாதிரி ஒரு பருவ ஒப்பந்தம் எழுதியிருந்தால் 2023 ஜூனில் அவரும் சும்மாவே போயிருப்பார். ஃப்ரீயாக எடுப்பதில் பிழையில்லை. எல்லாருக்கும் ஒரு வருடம் எழுதுவதுதான் பிழை.

இனி நம்மூர்க் கணக்கு. தொகைகளை உதாரணத்துக்குத்தான் எடுக்கிறேன், உங்கள் கழகத்தின் தொகைகளைப் போட்டுப் பாருங்கள். முதலாவது வீரருக்குப் பழைய கழகத்துக்கு 4 இலட்சம் இழப்பீடு, மாதம் 60,000 சம்பளம், பருவத்துக்கு 10 மாதம், இரண்டு பருவ ஒப்பந்தம். மொத்தம் 16 இலட்சம், பருவத்துக்கு 8 இலட்சம். இரண்டாவது வீரர் ஃப்ரீ. கழகத்துக்குக் கொடுக்க வேண்டிய காசு மிச்சம் என்று அவருக்கும் தெரியும், அவருடைய முகவருக்கும் தெரியும். ஆகவே கையெழுத்துக் காசு 150,000, மாதம் 75,000, முகவருக்குச் சம்பளத்தில் பத்து வீதம். கூட்டினால் 975,000, அதுவும் ஒரே பருவத்துக்கு. அடுத்த வருடம் அவரோ அவருடைய இடத்துக்கு வருகிறவரோ திரும்பக் கையெழுத்துக் காசு கேட்பார். ஒரு ஆளுக்கு 175,000 வித்தியாசம். 11 பேருக்கு 19 இலட்சத்தைத் தாண்டும்.

இதைவிடச் சரியான அளவுகோல், ஆடிய நிமிடத்துக்கு எவ்வளவு செலவானது என்பது. பருவத்தில் 18 போட்டி என்றால் 1,620 நிமிடம். முதலாவது வீரர் 1,400 நிமிடம் ஆடினால் நிமிடத்துக்கு 571 ரூபாய். தயாரில்லாமல் வந்து 900 நிமிடம் மட்டும் ஆடிய ஃப்ரீ வீரருக்கு 1,083 ரூபாய். பருவம் முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் இந்தக் கணக்கைப் போட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் யாரை வைப்பது என்ற வாக்குவாதம் பாதிக்கு மேல் குறையும்.

என் யோசனை: 22 பேரில் ஆறு அல்லது ஏழு ஃப்ரீ வீரர் போதும். கோல்காப்பாளர், மத்திய பின்களம், பின்களத்துக்கு முன்னால் நிற்கும் மத்தியகள வீரர் ஆகிய இடங்களுக்கு 27 முதல் 30 வயதுக்குள் பார்த்து இரண்டு வருடம் எழுதுங்கள். வேகத்தை நம்பி ஆடும் விங்கர் 31 வயதில் ஃப்ரீயாகக் கிடைக்கிறார் என்றால் ஏன் கிடைக்கிறார் என்று இரண்டு தரம் யோசியுங்கள். எந்த வருடமும் எட்டுப் பேருக்கு மேல் ஒப்பந்தம் முடியாதபடி முடிவுத் திகதிகளைப் பிரித்துப் போட வேண்டும். 11 பேரின் ஒப்பந்தமும் ஒரே மாதத்தில் முடிந்தால் பயிற்சியாளர் ஒவ்வொரு வருடமும் எதிரணியை ஓஃப்சைட்டில் பிடிக்கப் பின்களம் ஒரே கோட்டில் நிற்பதை முதலிலிருந்து சொல்லிக் கொடுக்க வேண்டும். பருவத்தின் முதல் ஐந்தாறு போட்டிகளில் புள்ளி போவது பெரும்பாலும் அதனால்தான்.

பதிவு மேசை:

பணக் கணக்கை அண்ணன் சொல்லிவிட்டார். நான் கடதாசி வேலையை எழுதுகிறேன், ஏனென்றால் நல்ல வீரரைப் பிடித்தும் கடதாசியில் தவறவிடும் கழகங்கள் இருக்கின்றன.

முதலில், ஆள் உண்மையிலேயே ஃப்ரீயா? வாய்ப் பேச்சை நம்ப வேண்டாம். தொழில்முறை வீரர் என்றால் கடைசி ஒப்பந்தத்தின் பிரதி, அல்லது இரு தரப்பும் கையெழுத்திட்ட முடிவுறுத்தல் கடிதம் கைக்கு வர வேண்டும். ஒப்பந்தம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், முடிவுக்கு ஆறு மாதத்துக்குள் இருந்தால் மட்டுமே அவர் உங்களோடு ஒப்பந்தம் செய்யலாம். அப்போதும் பேச்சுத் தொடங்க முன்னரே அவருடைய கழகத்துக்கு நீங்கள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். இது சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனமான பிபாவின் விதி. வட்ஸ்அப்பில் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டுப் பிறகு கடிதம் அனுப்புவது வழக்கமாகிவிட்டது, அது விதிமீறல். இங்கே பலர் எழுத்து ஒப்பந்தமே இல்லாமல் அமெச்சூர் தகுதியில் ஆடுகிறவர்கள். அவர்களுக்குப் பழைய கழகத்தின் விடுவிப்புக் கடிதம் வேண்டும். அதைப் பருவம் முடிந்த கையோடு எடுத்துவிடுங்கள். பதிவின் கடைசி நாளில் செயலாளரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

இரண்டாவது, திகதி. பதிவுக் காலம் மூடிய பிறகும் ஃப்ரீ வீரரைப் பதியலாம் என்று எல்லாரும் சொல்வார்கள். முழுதும் சரியில்லை. அந்தக் காலம் முடிவதற்கு முன்னரே அவருடைய ஒப்பந்தம் முடிந்திருக்க வேண்டும். மூடிய பிறகு ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வருகிறவர் பொதுவாக இந்தச் சலுகைக்குள் வரமாட்டார். அதோடு அந்த வருடப் போட்டி விதிக்கோவையில் தனியான கடைசித் திகதி இருந்தால் அதுவும் உங்களைக் கட்டுப்படுத்தும். ஒரே பருவத்தில் ஒரு வீரர் மூன்று கழகங்களில் பதியலாம், ஆனால் உத்தியோகபூர்வப் போட்டிகளில் பொதுவாக இரண்டு கழகங்களுக்கு மட்டுமே ஆடலாம். மாலைதீவில் ஒரு கழகம், இங்கே ஒரு கழகம் என்று ஏற்கெனவே ஆடிவிட்டு வருகிறவரிடம் இதைக் கேட்காமல் காசு கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டு வீரர் என்றால் சர்வதேச இடமாற்றச் சான்றிதழ் இல்லாமல் களத்தில் இறக்க முடியாது. தொழில்முறை வீரரின் கோரிக்கை பிபாவின் டிஎம்எஸ் எனும் இடமாற்றப் பதிவு இணையத் தொகுதி வழியாகத்தான் போகும். ஒப்பந்தம், கடவுச்சீட்டுப் பிரதி, கடைசி ஒப்பந்தம் முடிந்ததற்கான சான்று, மூன்றாம் தரப்பு உரிமை இல்லை (வீரரின் இடமாற்றக் காசில் வெளியாருக்குப் பங்கு இல்லை) என்ற பிரகடனம் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். சிக்குவது பெரும்பாலும் சின்ன விடயத்தில்: கடவுச்சீட்டில் மூன்று பெயர், ஒப்பந்தத்தில் இரண்டு பெயர், அல்லது பிறந்த திகதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும். ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்பவரின் கையில் கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டுத் தட்டச்சு செய்விக்கவும். வீசா வேலையை அதே நாளில் தொடங்கவும்.

வீசா கிடைத்தால்தான் ஒப்பந்தம் செல்லும், மருத்துவச் சோதனையில் தேறினால்தான் செல்லும் என்று எழுதி வைத்துப் பாதுகாப்பாக இருப்பதாக நினைப்பவர்கள் உண்டு. பிபாவின் இடமாற்ற விதிகள் 18ஆம் பிரிவின்படி ஒப்பந்தத்தின் செல்லுபடியை அந்த இரண்டிலும் தங்க வைக்க முடியாது. கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். சோதனை எல்லாம் கையெழுத்துக்கு முன்.

சம்பளம் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு மாதச் சம்பளம் நின்றுவிட்டால், வீரர் எழுத்தில் அறிவித்து 15 நாள் அவகாசம் கொடுத்தபின் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்கலாம். மிச்சச் சம்பளத்தையும் கோரலாம், கழகத்துக்குப் புதிய வீரர்களைப் பதியத் தடையும் வரலாம். பெரிய தொகை சொல்லி 11 பேரை எழுதிவிட்டு அனுசரணையாளர் மூன்றாம் மாதம் கையை விரித்தால் கழகமே நின்றுவிடும். அந்த வீரர்களுக்கும் வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு எல்லாம் இருக்கிறது. கையில் இருக்கிற காசுக்கு மட்டும் ஆள் எடுங்கள்.

2023 ஜனவரி 21 அன்று பிபா இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தி, ஓகஸ்ட்டில்தான் தடையை நீக்கியது. லீக் நின்றுபோனால் சம்பளம் எப்படி என்பதற்கு ஒப்பந்தத்தில் ஒரு பந்தி கட்டாயம் இருக்கட்டும்.

மட்டக்குளி மைந்தன்:

நன்றி அண்ணன்மார். மருத்துவ நிபந்தனை எழுத முடியாது என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அப்படியென்றால் கையெழுத்துக்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்? இரண்டு பருவம் எழுதுவதற்குப் பதிலாக ஒரு பருவமும், கழகம் விரும்பினால் இன்னொரு பருவம் என்ற நிபந்தனையும் போட்டால் என்ன?

பதிவு மேசை:

கழகத்துக்கு மட்டும் நீட்டிக்கும் உரிமை கொடுக்கும் நிபந்தனை, வழக்கு என்று போனால் பிபா தீர்ப்பாயத்தில் பல தரம் நிற்பதில்லை. போடத்தான் வேண்டும் என்றால் நீட்டிப்பு வருடத்தின் சம்பள உயர்வைத் தொகையாக எழுதுங்கள், எந்தத் திகதிக்குள் அறிவிக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள், அந்தப் பந்திக்குப் பக்கத்தில் வீரரிடம் தனியாகக் கையெழுத்து வாங்குங்கள். பருவத்தில் 15 போட்டிகளில் தொடக்க அணியில் ஆடினால் தானாக நீளும் என்று எழுதுவது இதைவிட நேர்மையானது, இரண்டு பக்கத்துக்கும் விளங்கும்.

உடற்தகுதி அறை:

சோதனை பற்றி நான் எழுதுகிறேன். ஃப்ரீ ஏஜென்டிடம் இருக்கிற பெரிய பிரச்சினை, காயம் இருக்கிறதோ இல்லையோ, ஆள் போட்டிக்குத் தயாரில்லாமல் இருப்பது. எட்டு வாரம் தனியாக ஓடித் திரிந்தவர் பார்வைக்கு மெலிந்து நன்றாகத்தான் இருப்பார். நேராக ஓடுவதும் சரியாக இருக்கும். திடீரென்று நிற்பது, திரும்புவது, முழு வேகத்தில் 30 மீற்றர் போய் உடனே இன்னொன்று போவது ஆகியவைதான் போய்விட்டிருக்கும். இரண்டாவது போட்டியில் பின் தொடைத் தசை பிடித்துக்கொண்டு அவர் உட்காருவது இதனால்தான்.

முதலில் கேள்விகள். கடைசி இரண்டு பருவத்தில் எத்தனை நிமிடம் ஆடினார்? கடைசியாக 90 நிமிடம் முழுதாக ஆடியது எப்போது? முழங்கால் சத்திரசிகிச்சை நடந்திருந்தால் எந்த மாதம்? முன் சிலுவைத் தசைநார் கிழிந்து சரிசெய்தவர் ஒன்பது மாதத்துக்கு முன் போட்டிக்குத் திரும்பினால் திரும்பக் கிழியும் ஆபத்து அதிகம். எம்ஆர்ஐ அறிக்கை இருந்தால் எழுத்து அறிக்கை மட்டும் போதாது, படத்தையும் கேளுங்கள்.

அடுத்தது இதயம். ஈசிஜி, முடிந்தால் எக்கோ எனும் இதய ஸ்கேன். சேர்ஜியோ அகுவேரோ 2021இல் ஃப்ரீயாக பார்சிலோனாவுக்கு வந்தார். ஒக்டோபர் இறுதியில் அலாவேஸுக்கு எதிரான போட்டியில் நெஞ்சு வலியோடு வெளியேறினார், டிசம்பரில் இதயத் துடிப்புக் கோளாறால் ஓய்வை அறிவித்தார். அந்த அளவு கழகத்திலேயே இப்படி நடக்கும்போது, ஈசிஜி எடுக்கும் செலவை மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை. இது கழகத்தின் காசைவிட வீரரின் உயிர் பற்றிய விடயம்.

மைதானச் சோதனைக்கு மூன்று நாள் தேவை. முதல் நாள் யோ-யோ சோதனை, முதலாம் மட்டம்: 20 மீற்றர் போய் 20 மீற்றர் திரும்பி, 10 செக்கன் ஓய்வு, வேகம் கூடிக்கொண்டே போகும். என் அளவு, மத்தியகள வீரர் 1,600 மீற்றருக்கு முன் நின்றுவிட்டால் அவருக்குக் குறைந்தது ஆறு வார வேலை இருக்கிறது. எல்லா வீரரையும் ஒரே நேரத்தில் சோதியுங்கள். கொழும்பில் பிற்பகல் மூன்று மணிக்கு ஓடுபவரையும் காலை ஆறரைக்கு ஓடுபவரையும் ஒப்பிட முடியாது, ஏப்ரலில் புழுக்கமே ஆளை நிறுத்திவிடும். இரண்டாம் நாள் ஒற்றைக்கால் தாவல்: மூன்று தாவல், இரண்டு காலுக்கும் தனித்தனியாக அளவுநாடா வைத்து அளக்கவும். பலவீனமான கால் மற்றக் காலின் 90 வீதத்தைத் தொடவில்லை என்றால் பிசியோவிடம் காட்டாமல் கையெழுத்து வேண்டாம். மூன்றாம் நாள் உங்கள் அணியோடு 60 நிமிடப் பயிற்சிப் போட்டி. கடைசி 15 நிமிடத்தில் பந்து இல்லாதபோது அவர் திரும்பி ஓடி வருகிறாரா என்று மட்டும் பாருங்கள், அதில் எல்லாம் தெரியும்.

எடுத்த பிறகு அவசரப்படாதீர்கள். மூன்று வாரம் முழுப் பயிற்சி, பிறகு முதல் போட்டியில் 30 நிமிடம், அடுத்ததில் 45, அதற்கடுத்ததில் 60. வாரத்தில் இரண்டு நாள் நோர்டிக் பயிற்சி, அதாவது முழந்தாளிட்டு, கணுக்காலை ஒருவர் பிடிக்க, உடம்பை மெதுவாக முன்னால் சாய்ப்பது. ஐந்து ஐந்தாக இரண்டு செட்டில் தொடங்கலாம். பின் தொடைக் காயத்தை இது பாதியளவு குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன, ஒரு சதமும் செலவில்லை. ஆக, ஃப்ரீ வீரரைப் பருவம் தொடங்க ஆறு வாரத்துக்கு முன்னாவது எடுக்க வேண்டும். கடைசி நாளில் மலிவாகக் கிடைக்கிறவர் முதல் ஒன்றரை மாதம் பயன்படமாட்டார், ஆனால் சம்பளம் முதல் நாளே ஓடத் தொடங்கும். செர்ஜியோ ராமோஸ் 2021 ஜூலையில் பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் கழகத்துக்கு ஃப்ரீயாகப் போய், காயத்தால் நவம்பர் 28 அன்றுதான் முதல் போட்டி ஆடினார்.

பழைய பின்களம்:

எல்லாரும் நன்றாக எழுதியிருக்கிறார்கள். கொழும்புக்கே உரிய சிலதைச் சேர்க்கிறேன்.

தம்பி, இங்கே ஃப்ரீயாக நிற்கும் வீரர் கூட்டம் ஐரோப்பாவில் இருப்பது போல இல்லை. இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகள் நல்ல பையன்களை நிரந்தர வேலையோடு எடுத்துவிடும். ஓய்வூதியத்தோடு கூடிய வேலையோடு உங்கள் 75,000 போட்டி போட முடியாது. மிச்சமுள்ளவர்களில் கெட்டிக்காரர்கள் மாலைதீவுக்குப் போவார்கள். அதற்குப் பிறகு சந்தையில் நிற்பவர்களில்தான் நீங்கள் தேடுகிறீர்கள். அதில் 11 பேரைப் பொறுக்கினால் நாலு பேர் சரியாக அமைவதே பெரிய விடயம். ஆகவே நாலு பேரை மட்டும் கவனமாகத் தேடுங்கள்.

மன்னார், யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பையன்களை எடுத்தால் போர்டிங் செலவைச் சம்பளத்துக்குள் ஒளிக்க வேண்டாம், தனியாக எழுதுங்கள். கொட்டாஞ்சேனையிலோ வத்தளையிலோ இரண்டு பேருக்கு ஒரு அறை பார்த்து, வாடகையைக் கழகமே நேரடியாகக் கட்டினால் நல்லது. சாப்பாடும் முக்கியம். இரவு கடைக் கொத்தில் வாழும் பையனிடம் காலைப் பயிற்சியில் ஓட்டம் எதிர்பார்க்க முடியாது.

ஒரு பந்தி கட்டாயம் வேண்டும்: வெளிச் சுற்றுப்போட்டிகள். ஊரில் கழகங்கள் நடத்தும் எழுவர் போட்டிகளுக்கு சனி, ஞாயிறு பஸ் ஏறிப் போய் ஆடிவிட்டு, கால் வீங்கித் திங்கட்கிழமை திரும்புவார்கள். தடை என்று மட்டும் எழுதினால் களவாகப் போவார்கள், ஊர்ப்பற்று அப்படி. பருவம் நடக்கும்போது கழகத்தின் எழுத்து அனுமதியோடு மட்டும், லீக் போட்டிக்கு ஐந்து நாளுக்குள் இல்லை, அங்கே காயம் வந்தால் சம்பளம் எவ்வளவு என்று எழுதி வாசித்துக் காட்டுங்கள். தமிழில் எழுதுங்கள். ஆங்கில ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிப் பிறகு சண்டை பிடிப்பது அந்தப் பையனுக்கு அநியாயம்.

மற்ற ஏழு இடத்துக்கும் பாடசாலைகளைப் பாருங்கள். கொழும்பு ஸாஹிரா, ஹமீத் அல் ஹுசைனி, கொட்டாஞ்சேனை புனித பெனடிக்ட் ஆகியவற்றிலிருந்து வருடா வருடம் 19 வயதில் பையன்கள் வெளியே வருகிறார்கள். எந்தக் கழகத்துக்கும் கட்டுப்படாத ஃப்ரீ வீரர்கள் என்றால் அவர்கள்தான், வீடும் பக்கத்தில்தான். மூன்று வருடம் எழுதி, 20 வயதில் உங்கள் 28 வயதுப் பின்கள வீரருக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். ஃப்ரீயாக எடுக்கும் மூத்த வீரரைத் தெரிவு செய்யும்போதே, களத்தில் வாயைத் திறந்து பையன்களை வழிநடத்துபவரா என்று பாருங்கள். பேசாத பின்கள வீரர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எனக்கு வேண்டாம்.

வெளிநாட்டு முன்கள வீரர் விடயத்தில் முகவர் அனுப்பும் வீடியோவை ஒதுக்கி வையுங்கள். ஐந்து நிமிட வீடியோவில் எல்லாரும் கோல் அடிப்பார்கள். வெட்டாத முழுப் போட்டி இரண்டு கேளுங்கள், அதில் ஒன்று அவருடைய அணி தோற்றதாக இருக்கட்டும். அனுப்ப மறுத்தால் அந்த முகவரோடு பேச்சை நிறுத்தலாம். விமான டிக்கெட் இரு வழியும் யார் செலவு என்பதையும், திரும்பிப் போகும் டிக்கெட்டை ஒப்பந்தம் முடிந்த எத்தனை நாளுக்குள் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். பருவம் முடிந்து, வீசாவும் முடிந்து, ஊருக்குப் போக வழியில்லாமல் ஒரு பிள்ளை இங்கே நிற்கக் கூடாது.

மட்டக்குளி மைந்தன்:

பெரிய நன்றி. இதை அப்படியே அச்செடுத்துச் செயற்குழுவுக்குக் கொடுக்கிறேன். கோல்காப்பாளர் ஒருவர், மத்திய பின்களம் இருவர், மத்தியகளம் ஒருவர் என்று நாலு பேரோடு தொடங்கச் சொல்கிறேன். யோ-யோ சோதனையின் ஒலிப்பதிவு எங்கே எடுக்கலாம்?

உடற்தகுதி அறை:

கைபேசிச் செயலிகள் இருக்கின்றன, யோ-யோ ஐஆர்1 என்று தேடினால் வரும். சத்தம் மைதானத்தின் மறுபக்கத்துக்கும் கேட்க வேண்டும், அதனால் ஸ்பீக்கர் ஒன்று கொண்டு போங்கள். 20 மீற்றரை அடி வைத்து அளக்காமல் நாடாவால் அளந்து கோன் வையுங்கள். அதற்குப் பின்னால் ஓய்வு நடைக்கு ஐந்து மீற்றர் தனியாக விட வேண்டும். புல் ஈரமாக இருந்தால் அன்று சோதனையே வேண்டாம், வழுக்கியவுடன் அளவும் பிழைக்கும், ஆளுக்கும் காயம் வரும்.